செவ்வாய்க்கிழமைக்கு விழுந்த ஓட்டு

தாம்பரம் மேற்கில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்தேன். பன்னிரண்டு மெஷின்கள். அவற்றில் பத்து எப்போதும் வேலை செய்யும். எந்தப் பத்து என்பது தினமும் மாறும். தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம். லோயரும் ஹையரும் பாஸ் செய்துவிட்டால் ஏதாவது ஓர் ஆபீஸில் நாற்காலி கிடைத்துவிடும் என்று பெற்றோர்கள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது.

கீழே கடை வைத்திருந்தவர்தான் கட்டடத்தின் சொந்தக்காரர். இந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். அப்பா நெல் போட்ட நிலத்தை இவர் மனை மனையாகப் பிரித்து விற்றார். பிறகு மனை வாங்கியவர்களுக்குச் சிமென்ட் விற்றார். வீடு எழும்பிய பின் பெயின்ட் விற்றார். ஒரே நிலத்தில் மூன்று போகம் எடுத்தவர் என்று என் கணவர் சொல்வார். எங்கள் பகுதி வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பல்லாவரத்திலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக இருந்த சங்கங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருந்த கூட்டமைப்புக்கும் அவரே தலைவர். அவரைத் தேர்ந்தெடுத்த கூட்டம் எப்போது நடந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அவரை எதிர்த்து நின்றவர் யார் என்பதும் அப்படியே.

தலைவருக்கு மேடை என்றால் உயிர். மேடை ஏறினால் டெல்லியைத் திட்டாமல் இறங்க மாட்டார். "நம்ம ஊரு வியாபாரத்துக்கு வரி போடுறது டெல்லி. நம்ம ஊரு சட்டத்தை எழுதுறது டெல்லி. ஆவடில விக்கிற அரிசிக்கும் ஆலந்தூர்ல விக்கிற பருப்புக்கும் டெல்லிக்காரனுக்கு இன்னாய்யா தெரியும்?" என்று கேட்பார். எல்லோரும் கைதட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன். அதிகாரம் ஓர் இடத்தில் குவியக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி. குவிகிற இடம் தன் கடையாக இல்லாதவரைக்கும் என்பதைத்தான் நாங்கள் பிறகு தெரிந்துகொண்டோம்.

விஷயம் தொடங்கியது ஒரு கடையடைப்பில். ஏதோ ஒரு வரியை எதிர்த்துக் கடையை அடைப்பது என்று எல்லாச் சங்கங்களும் தீர்மானம் போட்டன. ஆனால் ஒவ்வொரு சங்கமும் தன் வசதிப்படி ஒரு நாளைப் பிடித்தது. திங்கட்கிழமை பல்லாவரம் அடைத்தது. ஜனங்கள் பஸ் ஏறி குரோம்பேட்டையில் வாங்கினார்கள். செவ்வாய்க்கிழமை குரோம்பேட்டை அடைத்தது; தாம்பரத்தில் வாங்கினார்கள். புதன்கிழமை நாங்கள் அடைத்தோம். பல்லாவரத்துக்காரர்கள் கடையை முன்னதாகவே திறந்து எங்கள் வாடிக்கையாளர்களை வரவேற்றார்கள். அரசாங்கத்தை ஸ்தம்பிக்க வைக்கக் கிளம்பியவர்கள் ஒருவருக்கொருவர் நல்ல வியாபாரம் பண்ணிக்கொடுத்ததோடு போராட்டம் முடிந்தது.

அடுத்த வாரமே தலைவர் அறிவித்தார். தனித்தனிச் சங்கங்களின் அதிகாரத்தை எடுத்துக் கூட்டமைப்பின் கையில் கொடுக்க வேண்டும். கடை திறக்கும் நேரம், மூடும் நேரம், வார விடுமுறை, விலை, யாருக்குப் பக்கத்தில் யார் கடை வைக்கலாம் என்பதுவரை எல்லாம் ஒரே இடத்தில் முடிவாக வேண்டும். வார விடுமுறை செவ்வாய்க்கிழமை என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள், சிமென்ட் வாங்க மாட்டார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தலைவர் நினைக்கவில்லை. ஆனால் அவர் ஜனநாயகவாதி. அதனால் எல்லாக் கடைக்காரர்களிடமும் பொது வாக்கெடுப்பு நடத்துவது என்று முடிவு செய்தார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் மாடி ஏறி வந்தார். கையில் ஒரு காகிதம்.

"டீச்சர், நீங்கதான் எலக்சன் ஆபீசர்."

"நானா? எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்?"

"உங்களுக்கு எந்தக் கோஷ்டியும் கெடையாது. படிச்சவங்க. எல்லாத்துக்கும் மேல ஸ்டென்சில் மிஷினு உங்ககிட்டதான கீது. ஓட்டுச் சீட்டு அடிச்சுக் குடுத்துருங்க."

நான் அவருக்கு வாடகைக்கு இருப்பவள் என்பதை அவர் சொல்லவில்லை. நாசூக்கானவர்.

காகிதத்தை வாங்கிப் படித்தேன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரான ஒருவரிடம் எழுதி வாங்கியிருந்தார். கேள்வி இப்படி இருந்தது: "வணிக விவகாரங்கள் அனைத்திலும் கூட்டமைப்பின் அதிகாரம் விரிவாக்கப்படுவது குறித்துத் தங்களுக்கு மாற்றுக் கருத்து ஏதும் இல்லையே? ஆம் / இல்லை."

இரண்டு தடவை படித்தேன்.

"சார், இதுல 'இல்லை'ன்னு போட்டா, மாற்றுக் கருத்து இல்லைன்னு ஆயிடும்."

"ஆமா."

"'ஆம்'னு போட்டா?"

"ஆம், இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப வேணாம்னு நினைக்கிறவங்க எதுல போடுறது?"

தலைவர் உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். "வேணாம்னு யாரு டீச்சர் சொல்லப்போறாங்க?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லப்போகிறவர் ஒருவர் இருந்தார். அடுத்த தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பம்மலில் பிறந்து வளர்ந்தவர். விடிவதற்கு முன்பே கடை திறந்துவிடுவார். முதல் ரயிலைப் பிடிக்க வருகிறவர்களின் சைக்கிள்கள் அந்த நேரத்தில்தான் பஞ்சராகும். சங்கக் கூட்டங்களில் எழுந்து கேள்வி கேட்கும் ஒரே ஆள் அவர்தான். "என் கடைப் பூட்டு, என் கடைச் சாவி. அதை எதுக்குப்பா கொண்டுபோயி ஒருத்தர் இடுப்புல சொருவணும்?" என்று ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிப் பேசிக்கொண்டிருந்தார். அவரோடு டீ குடிக்க எல்லோரும் தயார். கூட நிற்கத்தான் ஆள் இல்லை.

அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தார். அடுத்தவர் கடிதத்தைப் படிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவருடைய தொழில் தர்மம். "நீ டைப்பிஸ்ட். காப்பில என்ன இருக்கோ அதை அடி" என்றார். அதைத்தான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சைத் தாளில் தப்பு இருந்தாலும் திருத்தாதே, இருப்பதை அப்படியே அடி, திருத்தினால் மார்க் போய்விடும்.

மறுநாள் ஸ்டென்சில் தாளை மெஷினில் சொருகி, ரிப்பனை விலக்கிவிட்டு உட்கார்ந்தேன். முதல் வரியை அப்படியே அடித்தேன். 'மாற்றுக் கருத்து' வரைக்கும் வந்தேன். கை நின்றுவிட்டது. என்னைப் பெரிய வீராங்கனை என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இப்படி ஒரு தமிழ் வாக்கியம் தாங்கவில்லை, அவ்வளவுதான். தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு, புதுத் தாளில் இப்படி அடித்தேன்: "நம் கடையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது, என்ன விலைக்கு விற்பது என்பதை இனிமேல் கூட்டமைப்பே முடிவு செய்யலாமா? செய்யலாம் / கூடாது."

அடித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. இருந்தாலும் சைக்ளோஸ்டைல் மெஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். கட்டுக் கட்டாக அரக்கு வைத்து மூடி, வாக்கெடுப்பு அன்று காலைதான் பிரிக்க வேண்டும் என்று மேலே எழுதினேன். எலக்சன் ஆபீசருக்கு அந்த அளவுக்காவது அதிகாரம் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

வாக்கெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில். மண்டபம் தலைவரின் மச்சானுடையது. வாழை மரம் கட்டியிருந்தார்கள். அது ஓட்டுக்கா, முந்தின நாள் கல்யாணத்துக்கா என்று நான் கேட்கவில்லை. பின்கட்டில் சமையல். விரலில் மையைக் காட்டினால்தான் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரலாம் என்று ஏற்பாடு. அதனால் ஒன்பது மணிக்கே நல்ல கூட்டம். கூடுவாஞ்சேரியிலிருந்தும் பொத்தேரியிலிருந்தும்கூட வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். வடையின் வாசனை வந்துகொண்டிருந்தது.

தலைவர் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டைப் பிரித்தார். சீட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என் பக்கம் குனிந்தார்.

"டீச்சர், இது இன்னா, வேற மாதிரி கீதே?"

மைக் ஆன் ஆகியிருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

முதல் வரிசையில் இருந்த சைக்கிள் கடைக்காரர் எழுந்தார். "வேற மாதிரின்னா, முன்ன எந்த மாதிரி இருந்துச்சு தலைவரே? படிங்களேன், கேப்போம்."

தலைவர் சட்டைப் பையிலிருந்து குமாஸ்தா எழுதிய காகிதத்தை எடுத்தார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கையில் மைக் இருக்கும்போது அவரால் எதையும் படிக்காமல் இருக்க முடியாது. நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

சிலர் உதட்டுக்குள் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "தலைவரே, 'இல்லை'ன்னு போட்டா இன்னா அர்த்தம்?"

"மாற்றுக் கருத்து இல்லைன்னு அர்த்தம்."

"'ஆம்'னு போட்டா?"

"ஆம்... அதாவது, ஆமாம், இல்லைன்னு..."

மண்டபமே சிரித்தது. தலைவரின் மச்சானும் சிரித்ததைப் பார்த்தேன். தலைவர் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி சரி, ரெண்டும் ஒண்ணுதான். இதுலயே போடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நான் மிதந்துகொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வரியை மாற்றி அடித்து ஜி.எஸ்.டி. ரோட்டு ஜனநாயகத்தையே காப்பாற்றிவிட்டதாக எனக்கு எண்ணம். சாப்பாட்டில் பாயசத்தை இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தேன்.

சாயங்காலம் ஓட்டுகளை எண்ணினோம். நான்கில் மூன்று பேர் 'செய்யலாம்' என்று போட்டிருந்தார்கள்.

தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணச் சொன்னேன். இரண்டாம் தடவை எண்ணியபோது 'செய்யலாம்' இன்னும் இரண்டு கூடியது.

கேள்வி புரியாமல் போட்டிருந்தால் மன்னித்திருப்பேன். நன்றாகப் புரிந்துதான் போட்டிருக்கிறார்கள். வெளியே நின்றிருந்த பேக்கரிக்காரரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் கேக் வாங்கப் போவேன், நல்ல பழக்கம்.

"நீங்க எதுல அண்ணா போட்டீங்க?"

"செய்யலாம்லதான் டீச்சர்."

"உங்க கடையை எப்ப மூடணும்னு இனிமே அவர்தானே சொல்வாரு?"

"என் கடையை விடுங்க. எனக்கு எதிர்ல புதுசா ஒருத்தன் பேக்கரி போடப்போறான். கூட்டமைப்பு அதிகாரம் வந்துட்டா அவனை விடாதுல்ல?"

அதற்குப் பிறகு இன்னும் சிலரிடம் விசாரித்தேன். மளிகைக் கடைக்காரர் பக்கத்து மளிகைக் கடை விலையைக் குறைக்காமல் இருக்கப் போட்டிருந்தார். பக்கத்து மளிகைக் கடைக்காரர் இவர் ராத்திரி கடையைச் சீக்கிரம் மூட வேண்டும் என்பதற்காகப் போட்டிருந்தார். சலூன்காரர் ஏற்கெனவே செவ்வாய்க்கிழமை திறப்பதில்லை. தான் சும்மா இருக்கும் நாளில் ஊரும் சும்மா இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் போட்டிருந்தார். ஒருவர்கூடத் தன் கடையை நினைத்துப் போடவில்லை. எல்லோரும் அடுத்தவர் கடைக்குப் பூட்டு வாங்கியிருந்தார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை வந்தது. டைப்ரைட்டிங்கும் வியாபாரம்தான், எனவே மூட வேண்டும் என்று எனக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. அந்தச் சீட்டு மாற்றம் தலைவர் மனதில் இருந்திருக்கலாம். ஆனால் கவர்ன்மென்ட் பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே பேட்சை நடத்தினேன். பத்து மெஷின் ஒரே நேரத்தில் ஓடுகிற சத்தத்தை ஷட்டர் போட்டு மறைத்துவிடலாம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது? பத்து மணிக்குக் கூட்டமைப்பின் கண்காணிப்புக் குழு வந்துவிட்டது. குழுவில் மூன்று பேர். மூவர் கடையும் பின்பக்கம் திறந்திருந்தது எனக்குத் தெரியும். தலைவரும் கூட வந்திருந்தார்.

"டீச்சர், சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். தொறங்க" என்றார் சத்தமாக.

திறந்தேன். தலைவர் உள்ளே தலையை நீட்டினார். மூன்றாவது மெஷினில் அவர் மகள் உட்கார்ந்து ஹையர் ஸ்பீடு பேப்பர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா?" என்றாள் நிமிராமல். "டைம் ஓடுது, நிறுத்தாத."

தலைவர் தலையை வெளியே எடுத்தார். குழுவைப் பார்த்தார். "இது கல்வி நிறுவனம்பா. இதைப் போயி வியாபாரம்னு யாரு எழுதுனது?" என்றார். அன்று மாலைக்குள் எனக்கு லெட்டர்பேடில் விலக்கு வந்துவிட்டது.

அது போதுமானதாக இருந்தது. பேக்கரிக்காரர் சானடோரியம் பக்கத்து ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு ரொட்டி கொடுப்பதால் தான் மருத்துவத் துறை என்று எழுதிக் கொடுத்தார். விலக்கு. எதிரில் புதிதாகத் திறந்த பேக்கரியும் அதே நோயாளிகளைக் காட்டி விலக்கு வாங்கியது. மளிகை அத்தியாவசியம். ஜவுளிக் கடை, கல்யாணம் என்பது அவசரம் என்றது. தலைவரின் ஹார்டுவேர் கடைக்கும் விலக்கு வந்தது. வீடு கட்டுவது தேசத்தின் வளர்ச்சி என்று தீர்மானத்தில் எழுதியிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். மூன்று மாதத்தில், கூட்டமைப்பின் விரிவாக்கப்பட்ட அதிகாரம் ஒரே ஒரு கடையின் மேல் மட்டும் முழுசாகச் செல்லுபடியானது.

அதை நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் கவனித்தேன். பம்மலிலிருந்து வருகிற என் மாணவி ஒருத்தியின் சைக்கிள் பஞ்சர். அவளைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். பலகைக் கதவு மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சர்ணா. கொஞ்சம் பாருங்களேன்."

"இன்னிக்கு லீவு டீச்சர். ரெண்டு தெரு தள்ளிப் போங்க, அங்க ஒருத்தன் தொறந்து வச்சிகினு கீறான். போக்குவரத்துன்னு சொல்லி விலக்கு வாங்கிட்டான்."

"நீங்க ஏன் வாங்கல?"

அவர் பேப்பரை மடித்தார். "நான் கூடாதுன்னு போட்டேன். தோத்துட்டேன். தோத்தப்புறம் பின்பக்கமா போயி எனக்கு மட்டும் விட்டுக்குடுன்னு கேட்டா, நான் போட்ட ஓட்டுக்கு இன்னா மருவாத?"

கூடாது என்று ஊரெல்லாம் போய்ச் சொன்ன ஒரே ஆள்தான் அந்த அதிகாரத்துக்குக் கட்டுப்பட்ட ஒரே ஆள். அவர் சட்டமும் பேசவில்லை, என்னைக் குத்தியும் காட்டவில்லை. அந்தப் பெண்ணிடம், "வீலை உருட்டாதம்மா, டியூபு கிழிஞ்சிடும், பின்பக்கம் தூக்கிகினு போ" என்று மட்டும் சொன்னார். என் கைப்பையில் விலக்குக் கடிதம் இருந்தது. குழு வந்தால் காட்டுவதற்காக எப்போதும் வைத்திருப்பேன்.

மறுநாள் தலைவரிடம் போய், எனக்கு விலக்கு வேண்டாம் என்றேன்.

"பொண்ணுக்கு இங்கிலீஷ் பரீட்சையும் முடியட்டும் டீச்சர்" என்றார்.

அதுவும் முடிந்த பின் நானாகவே செவ்வாய்க்கிழமை மூடினேன். பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வாரம் மூடினேன். நான்காவது வாரம் இரண்டு பெற்றோர்கள் வந்து, கிழக்குத் தாம்பரத்தில் ஏழு நாளும் நடத்துகிறார்களே என்றார்கள். ஐந்தாவது செவ்வாய்க்கிழமை திறந்துவிட்டேன். என் மனசாட்சியின் நீளம் மூன்று வாரம் என்பது அப்போது தெரிந்தது. சைக்கிள் கடைத் தெருப் பக்கம் போவதைக் கொஞ்ச நாள் தவிர்த்தேன்.

கூட்டமைப்பு அதிக நாள் நிற்கவில்லை. மறைமலை நகர்க்காரர்கள், எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு விடுமுறை வேறு நாள், செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஒத்துவராது, தாம்பரத்தில் இருப்பவருக்கு எங்கள் ஊர் வியாபாரம் என்ன தெரியும் என்று கேட்டார்கள். தலைவர் டெல்லியைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி. அவருக்கு மட்டும் அது காதில் விழவில்லை. அவர்கள் விலகினார்கள். பிறகு பல்லாவரம். கடைசியில் கூட்டமைப்பு என்பது தலைவரும் ஒரு லெட்டர்பேடும் என்று ஆனது. கலைத்துவிட்டோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. தலைவரும் அடுத்த மேடையில் பழையபடி டெல்லியைத் திட்டத் தொடங்கினார். நாங்களும் கைதட்டினோம்.

இரண்டு வருஷம் கழிந்திருக்கும். ரிசல்ட் விஷயமாக நான் ஒரு செவ்வாய்க்கிழமை எழும்பூர் போக மின்சார ரயிலில் ஏறினேன். குரோம்பேட்டை தாண்டும்போதுதான் எதிர் இருக்கையில் இருப்பவர் யார் என்று தெரிந்தது. சைக்கிள் கடைக்காரர். கிரீஸ் இல்லாத கையோடு அவரை நான் பார்த்ததே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, தலை நிறையக் கனகாம்பரம், மடியில் ஒரு தூக்குப் பாத்திரம். அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எங்கண்ணா கிளம்பிட்டீங்க?"

"பீச்சுக்கு டீச்சர். போன வாரம் வண்டலூர் ஜூ. அதுக்கு முன்ன மியூசியம். செவ்வாக்கெழம ஆச்சுன்னா எங்கயாச்சும் கெளம்பிடுறது."

கேட்கலாமா என்று தயங்கினேன். கேட்டுவிட்டேன். "கூட்டமைப்புதான் கலைஞ்சு போச்சேண்ணா. இன்னும் ஏன் மூடுறீங்க?"

அவர் மனைவி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "தெரியும் டீச்சர். ஆனா அவளுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க."

அவர் எழுந்து கதவுப் பக்கம் காற்று வாங்கப் போனதும், அந்த அம்மா தூக்குப் பாத்திரத்தைத் திறந்து எனக்கு இரண்டு இட்லியை எடுத்து நீட்டினார்.

"சங்கமெல்லாம் எப்பவோ கலைஞ்சு பூடுச்சும்மா" என்றார். "பாவம், இந்த மனுசன் இன்னும் லீவுன்னு நெனச்சிகினு கீறாரு. நீங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க."

நான் எலக்சன் ஆபீசராக இருந்தவள். இரண்டு தரப்புக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு இட்லியைச் சாப்பிட்டேன். எழும்பூரில் நான் இறங்கியபோது அவர் திரும்பவும் வந்து ஜன்னல் ஓரம் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் கையசைத்தார்கள்.